ஒட்டுப் போட்ட ரப்பர்

ஆனைக்கரை
31-7-1977

அன்புள்ள அத்தானுக்கு வேலுத்தாய் எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை நல்லதாகச் சேர்த்து எழுதலாம் என்றால் கை வரமாட்டேன் என்கிறது. பம்பாயில் மழை பலமாக இருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். துறைமுகத்தில் வேலை நடக்கிறதா, இல்லை ரூமில்தான் அடைந்து கிடக்கிறீர்களா என்று தெரியவில்லை.

மேஸ்திரி பாஸ்கல் அண்ணன் குமுளி தபாலாபீசில் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். தம்பிக்கு விபத்து, உடனே வரவும் என்று மட்டும்தான் எழுதினாராம். விபத்து என்றால் கைகாலில் ஏதோ அடி என்று நினைத்துவிட்டீர்களோ, அதனால்தான் பதில் வரவில்லையோ என்று விவரமாக எழுதுகிறேன்.

ஆனி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. டேம் நிறைந்து, ஷட்டரைத் தூக்கப் போனால் பாதியில் நின்றுவிட்டது. காட்டிலிருந்து அடித்து வந்த மரம் அடியில் சிக்கியிருக்கிறது, ஆள் முங்கிப் பார்க்க வேண்டும் என்று காண்டிராக்டர் ஜீப் அனுப்பினார். நீங்கள் இருந்தால் உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருப்பார். இப்போது இந்த மலையில் சிலிண்டர் கட்டி முங்கத் தெரிந்தவன் உங்கள் தம்பி ஒருவன்தான். சின்னமுத்து கஞ்சியைக் குடித்துவிட்டு, முங்குகிற செட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். ஏறும்போது, "மதினி, மூக்கம்மா வீட்டுலேருந்து கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் எழுதிக் குடுத்து விடுவாங்க, வாங்கி வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மேலே கயிறு பிடித்து நின்றது பாஸ்கல் அண்ணன். முதல் தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, பெரிய பலா மரம், கிளையை அறுத்தால் விட்டுவிடும் என்று சொல்லி ரம்பத்தோடு மறுபடி இறங்கியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் கயிறு வெட்டி வெட்டி இழுத்ததாம். அண்ணன் இழுப்பதற்குள் அவனே பீறிக்கொண்டு மேலே வந்துவிட்டான். வாயில் நுரையும் ரத்தமும். கரையில் ஏறி உட்கார்ந்து, "தண்ணி குடிச்சிட்டேன் அண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னவன் அப்படியே இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டான்.

குமுளி வழியாக மலை இறங்கி, கம்பம் தாண்டி, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடியில் இழுத்த காற்றை வெளியே விடாமல் அடக்கிக்கொண்டு வேகமாக மேலே வந்துவிட்டானாம். அந்தக் காற்று உள்ளே விரிந்து நுரையீரலைக் கிழித்து, ரத்தத்தோடு மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். உயிர் பிழைத்தது பெரிசு என்றார். இடது கையும் காலும் போய்விட்டன. பேச்சு கொழகொழவென்று வருகிறது. இப்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து, நடந்ததை அவன் வாயால் கேட்டு மொழி எழுதி எடுத்துக்கொண்டு போனார். மூச்சு விடும் மிஷினில் கோளாறா என்று கேட்டார். வீட்டில் வைத்துக் கழற்றிப் பூட்டுகிற மிஷின்தானே, கொச்சியில் கொடுத்து ரிப்பேர் பார்க்கக் கூடாதா என்றும் கேட்டார். அவனுக்கு அப்போது வாய் சரியாக ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் திருப்பித் திருப்பிச் சொன்னான். "மிஷின் நல்ல மிஷின். எங்கண்ணன் சர்வீஸ் பண்ணது. நான்தான் பயந்துட்டேன்." அவர் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அத்தான், எனக்குப் பயம் வேறு. ஒவ்வொரு தடவையும் அவன் முங்கி வந்த பிறகு, வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரைக் கழுவிக் காய வைத்தது நான். ஹோசைப் பூட்டும்போது ஏதாவது வளையத்தை மாற்றி வைத்துவிட்டேனோ, மணல் கிடந்ததைப் பார்க்காமல் விட்டேனோ என்று சோறு இறங்க மாட்டேன் என்கிறது. நீங்கள் பம்பாய்க்குப் புறப்படும்போது அவனிடம், அக்கு அக்காகப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டியிருக்கிறேன், ஒரு வருஷம் யாரும் பித்தளை மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் காற்று கசியும் என்று சொன்னீர்கள். அதனால் இதுவரை திறக்கவில்லை. இனி திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. தப்பு என் கையில் என்றால் அதை நானே தெரிந்துகொள்ள வேண்டும்.

லீவு கிடைத்தால் உடனே புறப்படுங்கள். உங்களைப் பார்த்தால் அவனுக்குப் பாதி உயிர் திரும்பும். பஸ் சத்தம் கேட்டால் வாசலைப் பார்க்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
வேலுத்தாய்


ஆனைக்கரை
16-8-1977

அத்தானுக்கு,

முன் கடிதம் கிடைத்திருக்கும். அதற்கும் பதில் இல்லை. பதில் வரும்வரை காத்திருந்து எழுதலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

செட்டைத் திறந்துவிட்டேன்.

மத்தியானம் சின்னமுத்து கண் அசந்த நேரம். நீங்கள் செய்வது மாதிரியே வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்தேன். கழற்றியதைக் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வைத்தேன். வினிகர் தீர்ந்துபோனதால், பச்சை பிடித்த பித்தளைத் துண்டுகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். இதெல்லாம் உங்களிடம் கற்றதுதான். கல்யாணமான புதிதில், திருகாணி இறுகிக் கிடக்கிறதே என்று நான் தேங்காயெண்ணெயோடு வந்தபோது பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டீர்கள். அழுத்தி அடைத்த காற்றுக்குப் பக்கத்தில் எண்ணெய் வந்தால் நெருப்புக்குச் சமம், அதோடு அந்த நாற்றத்தைத்தான் தம்பி அடியில் போய் மூச்சாக இழுக்க வேண்டும் என்று கத்தினீர்கள். தம்பி மேல் எவ்வளவு உயிர் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன். அதை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே சிரிப்பு வருகிறது.

வளையங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஹோசில் ஓட்டை இல்லை. மணல் இல்லை. நான் கழுவியதில் ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்று கொஞ்சம் மூச்சு விட்டேன். பிறகு நீங்கள் திறக்கக் கூடாது என்ற பித்தளை மூடியைச் சுற்றியிருந்த பிடிகளை ஒவ்வொன்றாக நெம்பினேன்.

உள்ளே ரப்பர் தட்டு பிறை மாதிரி கிழிந்திருந்தது. அந்தத் தட்டுதான் மூச்சை இழுக்கும்போது உள்ளே அமுங்கிக் காற்றைத் திறந்துவிடுகிறது, தண்ணீரை வெளியே நிறுத்தி வைப்பதும் அதுதான் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். அது கிழிந்தால் வாய்க்கு வருவது காற்று இல்லை, டேம் தண்ணீர்.

எங்கே கிழிந்திருந்தது தெரியுமா? ஓர் ஒட்டின் ஓரத்தில். ஒரு பக்கம் மூக்கு நீண்ட, கறுப்பு சைக்கிள் டியூப் ஒட்டு.

போன வருஷம் உங்கள் செட்டின் ரப்பரில் ஊசித் துளை விழுந்தது. கொச்சியில் எழுதிக் கேட்டும் புது ரப்பர் கிடைக்கவில்லை. சைக்கிள் கடையில் சொலூஷன் வாங்கி வந்து கொடுத்தீர்கள். நான் பழைய டியூபில் வட்டமாக வெட்டினேன். கத்தரி வழுக்கி ஒரு பக்கம் நீண்டுவிட்டது. உன் மூக்கு மாதிரியே வெட்டியிருக்கிறாய் என்று சிரித்தீர்கள். என் கையால் வெட்டி, என் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டியது. உங்கள் செட்டில் ஒட்டியது. கரையோரமாக மட்டும் வைத்துக்கொள்வேன், ஆழத்துக்குப் போனால் தம்பி செட்டைக் கட்டிக்கொள்வேன் என்று நீங்களே சொன்னீர்கள். தம்பி செட்டில் ரப்பர் ஒரு கீறல் இல்லாமல் நன்றாக இருந்தது.

அந்த ஒட்டு சின்னமுத்து செட்டுக்குள் எப்படி வந்தது அத்தான்?

நான் உட்கார்ந்து யோசித்தேன். நீங்கள் பம்பாய்க்குப் புறப்படும் முன்னால் இரண்டு செட்டையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டீர்கள். அன்றைக்கு என்னைக் குமுளிச் சந்தைக்கு அனுப்பினீர்கள். சாமான் எல்லாம் இருக்கிறதே என்றேன். போய் ஏதாவது வாங்கிக்கொண்டு வா என்றீர்கள். சின்னமுத்துவைச் சிலிண்டருக்குக் காற்றுப் பிடிக்க அனுப்பினீர்கள். செட்டையே மாற்றி எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் பித்தளையில் அவன் தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறானே, கண்டுபிடித்துவிடுவான். அதனால் உள்ளே இருந்ததை மட்டும் மாற்றினீர்கள். ஒரு வருஷம் திறக்காதே என்று சொன்னது காற்று கசியும் என்பதற்காக இல்லை.

நீங்கள் கேட்டிருந்தால் அவனே கழற்றிக் கையில் கொடுத்திருப்பான். அண்ணன் கடலுக்குப் போகிறான், இங்கே நமக்கு என்ன வேலை என்று, ஒட்டுப் போட்டதைப் பரணில் வைத்துவிட்டு மரம் வெட்டும் வேலைக்குப் போயிருப்பான். கேட்பதற்கு உங்களுக்கு என்ன கஷ்டம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. திருடனைப் பற்றிக்கூட ஊரில் இப்படிக் கேட்டதில்லை. திருடன் எடுத்துக்கொண்டு போவான், அந்த இடத்தில் எதையும் வைத்துவிட்டுப் போகமாட்டான்.

மூக்கம்மாளின் அப்பா எஸ்டேட்டிலிருந்து வந்து போனார். நல்ல மனுஷன். ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம் என்றுதான் அவர் சொன்னார். இவன்தான், "பயந்தாங்கொள்ளிக்கு ஏன் மாமா பொண்ணு கொடுக்குறீங்க, வேற இடம் பாருங்க" என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டான். அவள் இப்போது கம்பத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாள். அங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்வி.

கை கால் போனது அவனுக்குப் பெரிசாகத் தெரியவில்லை. பயந்தேன், பயந்தேன் என்பதுதான் அவனைத் தின்கிறது. தண்ணீர் மொண்டு முகத்தில் ஊற்றினால் உடம்பு நடுங்குகிறது. "அண்ணனா இருந்தா வாய்க்குள்ள தண்ணி வந்தாலும் நிதானமா ஊதி வெளிய தள்ளிட்டு, மூச்சை விட்டுக்கிட்டே மேல வந்திருப்பான் மதினி, எனக்கு அது சொல்லிக் கொடுத்தும் வரல" என்கிறான். கிழிந்த ரப்பரில் எதை ஊதித் தள்ளுவது? எவ்வளவு ஊதினாலும் தண்ணீர்தானே வரும்.

நான் அவனிடம் சொல்லவில்லை. ரப்பரை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியது நான் இல்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள். வர முடியாவிட்டால் அவன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தப்பு உன் மேல் இல்லை என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி போதும். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அவன் பயந்தவன் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பிக்காகத்தான் கேட்கிறேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை.

வேலுத்தாய்


ஆனைக்கரை
2-10-1977

நல்லதம்பி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் பெயருக்கு மட்டும் வந்தது. உள்ளே இன்னொரு தாள் இருக்கிறதா என்று உறையைக் கிழித்து விரித்துப் பார்த்தேன்.

சொந்த செட்டு வைத்திருப்பவனுக்குத்தான் அந்தக் கம்பெனியில் வேலை, செட்டை நீரில் முக்கிப் பரிசோதித்துவிட்டுத்தான் ஆள் எடுப்பார்கள், ஒட்டைப் பார்த்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கும். பம்பாயில் புது ரப்பர் கிடைத்ததும் பார்சலில் அனுப்ப நினைத்தேன் என்கிறீர்கள். கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று எழுதவில்லை. ஷட்டர் வரைக்கும் தம்பியை இறக்குவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அவன் தனியாக ஆழத்துக்குப் போக ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது என்கிறீர்கள். ஒத்துக்கொண்டது அவன் தப்பு. சரி. ஒட்டு இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டியிருந்தால் தாங்கியிருக்கும் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரப்பரை அடுப்பில் போட்டுவிடு, சின்னமுத்துவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் மனசு உடைந்துபோவான், நீ புறப்பட்டு பம்பாய்க்கு வா, ரூம் பார்த்திருக்கிறேன் என்று முடித்திருக்கிறீர்கள். அவன் மனசைப் பற்றி நீங்கள் எழுதியது அந்த ஓர் இடத்தில்தான்.

நான் சொல்லிவிட்டேன்.

சொல்லக் கூடாது என்றுதான் அன்று காலைவரை இருந்தேன். ஓடையில் குளிப்பாட்ட பாஸ்கல் அண்ணன் அவனைத் தாங்கிக் கூட்டிப் போனார். நானும் துணி துவைக்கப் போனேன். ஏலக்காய் பறிக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் போவார்கள். தண்ணீரில் கால் வைத்ததும் இவன் பாஸ்கல் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தப் பெண்கள் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, தலை துவட்டி, உட்கார வைத்து, ரப்பரை எடுத்து அவன் மடியில் வைத்தேன். எங்கே இருந்தது என்று சொன்னேன். அது யார் செட்டின் ரப்பர், யார் ஒட்டியது, எப்போது மாறியது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் படித்துக் காட்டினேன்.

அவன் வலது கையால் அந்தக் கிழிசலைத் தடவித் தடவிப் பார்த்தான். விரல் அதற்குள் புகுந்து வெளியே வந்தது. பிறகு என்னைக் கேட்டான்.

"அப்போ நான் பயப்படலியா மதினி?"

இல்லை என்றேன். மறுபடி கேட்டான். இல்லையடா, உனக்கு மூச்சுக்குக் காற்றே வரவில்லை, அந்த நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் மேலே வந்திருப்பார்கள் என்றேன். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அடிபட்ட நாளிலிருந்து நான் பார்க்காத சந்தோஷம். கோணிப்போன வாயோடு சிரித்தான். பாஸ்கல் அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, நான் பயப்படலயாம்" என்று சொன்னான். பெரிய மனுஷன், மேஸ்திரி, வெளியே போய் நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார்.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று வைத்திருந்தேன். மறுநாள்தான் பேசினான். "உப்புத்தண்ணில அண்ணன் கொண்டுபோன ரப்பர் சீக்கிரம் வெறச்சிரும் மதினி. மடிச்சுப் பார்க்கச் சொல்லி எழுதுங்க. மடிச்ச எடத்துல கோடு விழுந்தா அண்ணன் அதைப் போட்டுக்கிட்டு எறங்க வேண்டாம்" என்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியாயிற்றா என்று கேட்டதால் எழுதினேன்.

நான் பம்பாய்க்கு வரவில்லை. ஏன் என்று கேட்டு எழுத வேண்டாம். மூக்கம்மாளுக்குக் கம்பத்தில் நிச்சயம் ஆகிவிட்டது. அவள் அப்பா வந்து சொல்லிவிட்டுப் போனார். விஷயம் தெரிந்து, முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். உங்கள் தம்பி அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னான். போலீஸ் ஸ்டேஷனில் போய் மொழியை மாற்றிச் சொல்லலாம் என்று பாஸ்கல் அண்ணன் சொன்னார். சின்னமுத்து வேண்டாம் என்றுவிட்டான். அது அவன் முடிவு. நான் அதில் தலையிடவில்லை. உங்களுக்கு இனி அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது அவன் கம்பு ஊன்றி நடக்கப் பழகுகிறான். வாசல் வரை, பிறகு கடை வரை. காலை இழுத்து இழுத்து வைக்கிறான். விழுந்தால் யாரும் தூக்கக் கூடாது என்கிறான். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். அண்ணன் பொங்கலுக்கு எப்படியும் வருவான், பஸ் நிற்கும் இடத்துக்கு நானே போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றான்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. உங்களைக் கண்டதும் கட்டிப்பிடிப்பானா, கேட்க வேண்டியதைக் கேட்பானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியுமா என்றும் தெரியாது.

உங்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். வருவதானால் வாருங்கள். வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்று அவன் பெயருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வருவேன் என்று எழுதிவிட்டு வராமல் இருக்காதீர்கள். அந்த இடத்தில் உட்கார ஒரு கல்கூடக் கிடையாது. கடைசி பஸ் போகும்வரை அவன் நின்றுகொண்டே இருப்பான்.

கடலில் பார்த்து இறங்குங்கள்.

வேலுத்தாய்